வலி நின்ற பின்னும் தொடரும் சிகிச்சை: பல்லின் வேர்ச் சிகிச்சை பற்றி அறிய வேண்டியவை

நோர்வேஜிய மொழியில் 'ரூட்ஃபில்லிங்' என்று பல் வைத்தியர் கூறுவது, தமிழில் வேர்ச் சிகிச்சை அல்லது வேர்க்கால்வாய்ச் சிகிச்சை எனப்படும். பிடுங்க வேண்டிய நிலையை நெருங்கிவிட்ட ஒரு பல்லை வாயில் வைத்தே காப்பாற்றும் முறை இது. இதைப் பற்றி எம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் பரவலாக உள்ளன. இது தாங்க முடியாத வேதனை தரும் சிகிச்சை என்பது ஒன்று. முதல் தடவை சென்று வந்ததும் வலி நின்றுவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் வீண் அச்சத்தைத் தருவது. இரண்டாவது எண்ணம் பல்லையே பறிகொடுக்கச் செய்வது. ஆகவே இக்கட்டுரை இரண்டாவதற்கே கூடுதல் இடம் ஒதுக்குகிறது.

பல்லுக்குள் நிகழ்வது

பல் முழுவதும் கல்லைப் போன்ற திண்மம் அன்று. வெளியே மிளிரி என்னும் மிகக் கடினமான படை, அதற்குள் பன்முதல், அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். இப்பற்கூழ் மெல்லிய கால்வாய்களாக வேர்களின் நுனிவரை சென்று, அங்குள்ள சிறு துவாரம் வழியாகத் தாடை எலும்புடன் தொடர்பு கொள்கிறது. முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாயே உண்டு. கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லில் பொதுவாக மூன்று கால்வாய்களும் சிலருக்கு நான்கும் இருக்கும். மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லில் நான்காவது கால்வாய் அடிக்கடி காணப்படுகிறது. அது மிகச் சிறியது, கண்டுபிடிப்பதற்கும் கடினமானது. ஒரே சிகிச்சைக்கு முன்பல்லில் ஒரு கட்டணமும் கடைவாய்ப்பல்லில் அதைவிட அதிகமான கட்டணமும் கேட்கப்படுவதன் காரணம் இதுவே.

சூத்தை ஆழமாகும்போதும், பல்லில் வெடிப்பு ஏற்படும்போதும், அடிபட்டுப் பல் சேதமடையும்போதும் நுண்ணுயிர்கள் பற்கூழை அடைகின்றன. தொடக்கத்தில் குளிர்ந்த நீர் பட்டால் ஒரு கணம் கூசும். அந்த நிலையில் சாதாரண அடைப்பே போதுமானதாக இருக்கலாம். சூடான தேநீர் குடித்த பின் வலி பல நிமிடங்கள் நீடித்தாலோ, இரவில் படுத்தவுடன் காரணமின்றி வலி எழுந்தாலோ, பற்கூழ் மீள முடியாத அழற்சிக்கு உள்ளாகியிருக்கக்கூடும். அதன் பின் ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிடும். பலர் இதைக் குணமடைந்ததாக எண்ணி மகிழ்கின்றனர். உண்மையில் பற்கூழ் இறந்துவிட்டதனால் வலியை உணர்த்த நரம்பு இல்லாமற் போயிருக்கலாம். நுண்ணுயிர்கள் அப்போதும் கால்வாய்களுக்குள் பெருகி, வேர்நுனியைச் சூழ்ந்த எலும்பை மெல்ல மெல்லக் கரைக்கின்றன.

இந்நோய்க்கு நுண்ணுயிர்களே காரணம் என்பது 1965இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் நடத்திய ஒரு பரிசோதனையால் தெளிவாயிற்று. நுண்ணுயிர் எதுவுமற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்கூழைத் திறந்து விட்டபோதும் அது அழுகவில்லை. சாதாரண எலிகளில் அழுகியது. வேர்ச் சிகிச்சையின் ஒவ்வொரு படியும் இந்த உண்மையின் மேலேயே அமைந்துள்ளது. நுண்ணுயிர்களை வெளியேற்ற வேண்டும். மீண்டும் உள்ளே வராமல் அடைக்க வேண்டும்.

சிகிச்சை நாற்காலியில்

முதலில் பல் வைத்தியர் எக்ஸ்ரே எடுத்து, பல்லைத் தட்டியும் குளிர் வைத்தும் சோதிப்பார். பின்னர் விறைப்பு ஊசி போடப்படும். நோர்வேஜிய மொழியில் இதனை 'பெடோவெல்சே' என்பர். கடுமையாக அழற்சியடைந்த கீழ்க் கடைவாய்ப்பல்லில் முதல் ஊசி முழுமையாக வேலை செய்யாமல் இருப்பது உண்டு. அத்தகைய வேளையில் வேறு இடத்தில் இன்னுமோர் ஊசி போட்டு விறைப்பைப் பூரணமாக்கலாம். எனவே வலித்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், கையை உயர்த்துங்கள். எம்மவரில் பெரியவர்கள் பலர் வைத்தியருக்கு இடையூறு செய்யக் கூடாதென்று மௌனமாக வேதனையைச் சகித்துக்கொள்கின்றனர். இந்நாட்டில் நோயாளி வலிக்கிறது என்று சொல்வதை எந்த வைத்தியரும் மரியாதைக் குறைவாகக் கருதுவதில்லை.

அடுத்து, பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய இறப்பர்த் தகடு பொருத்தப்படும். இதன் பெயர் 'கோஃபெர்டாம்'. 1864இல் சான்ஃபோர்ட் பார்ணம் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் அறிமுகப்படுத்திய இந்த எளிய சாதனம் இன்றும் இச்சிகிச்சையின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று. உமிழ்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் கால்வாய்க்குள் செல்லாமலும், கழுவும் திரவமும் சிறு கருவிகளும் தொண்டைக்குள் விழாமலும் இது காக்கிறது. வாய்க்குள் துணி கட்டியதைப் போன்ற உணர்வு சிலருக்குச் சங்கடமாக இருக்கும்; மூக்கால் சுவாசிக்கப் பழகிக்கொண்டால் சில நிமிடங்களில் அது நீங்கிவிடும். இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இறப்பர்ப்பால் கலவாத தகடுகளும் உண்டு.

பின்னர் பல்லின் மேற்புறத்தில் துவாரமிட்டு, மெல்லிய அரங்களால் கால்வாய்கள் சுத்தமாக்கப்படும். கால்வாயின் நீளத்தை மின்னளவியும் எக்ஸ்ரேயும் கொண்டு அளப்பார்கள். அரம் செல்லாத மூலைகளைச் சுத்தம் செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் திரவத்தின் வேலை. துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பதும் இதே பொருள்தான்; ஆகவேதான் அதன் மணம் பலருக்குப் பழக்கமானதாகத் தோன்றும். தொற்று இருந்த பல்லாயின், கல்சியம் ஹைட்ரொக்சைட் என்ற மருந்தைக் கால்வாய்க்குள் வைத்துத் தற்காலிக அடைப்பிட்டுச் சில நாட்களோ வாரங்களோ கழித்து மீண்டும் வரச் சொல்வதுண்டு. கடைசியாகக் கால்வாய்கள் கட்டாபர்ச்சா என்னும் பொருளாலும் ஒட்டுப் பசையாலும் நிரப்பப்படும். கட்டாபர்ச்சா மலாய்த் தீபகற்பத்துக் காடுகளின் ஒருவகை மரத்திலிருந்து எடுக்கப்படும் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் அதுவே.

சிகிச்சையின் பின் இரண்டு மூன்று நாட்களுக்குக் கடிக்கும்போது நோவு இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் அது குறைய வேண்டும். கூடினால் வைத்தியரைத் தொடர்புகொள்ளுங்கள்.

தற்காலிக அடைப்பு என்னும் பொறி

முதல் தடவையிலேயே அழற்சியடைந்த பற்கூழ் அகற்றப்படுவதால் வலி பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும். அடுத்த சந்திப்பு மூன்று வாரங்களின் பின். அதற்குள் வேலைமாற்றம், பிள்ளைகளின் பரீட்சை, கையில் பணமின்மை என ஏதோவொன்று வந்து சேருகிறது. கோடை விடுமுறையில் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ குறைந்த செலவில் மிகுதியைச் செய்துகொள்ளலாம் என்ற எண்ணமும் எழுகிறது. தற்காலிக அடைப்பு பெயருக்கேற்ப தற்காலிகமானதே. சில வாரங்களில் அது தேய்ந்து கசியத் தொடங்கும். சுத்தம் செய்யப்பட்ட கால்வாய்க்குள் உமிழ்நீர் இறங்கும். ஆறு மாதங்களின் பின் திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அல்லது பல் நடுவே பிளந்து பிடுங்குவதைத் தவிர வேறு வழியற்றிருக்கும். அதுவரை செலவிட்ட பணமும் வீணாகும்.

வேர் நிரப்பப்பட்ட பின்னும் ஒரு படி எஞ்சியிருக்கிறது. கடைவாய்ப்பற்கள் சூத்தையாலும் சிகிச்சைத் துவாரத்தாலும் தம் பலத்தின் பெரும்பகுதியை இழந்திருக்கும். அவற்றின் மேல் உறுதியான நிரந்தர அடைப்போ, முனைகளை மூடிக் காக்கும் பல்லுறையோ இட வேண்டும். பல்லுறைக்கு நோர்வேஜியப் பெயர் 'குறூனே'. நாணயத்தின் பெயரும் அதுவே. இரண்டுக்கும் முடி என்றே பொருள். 'நீங்கள் ஒரு குறூனே போட வேண்டும்' என்று வைத்தியர் சொன்னதைக் கட்டணம் செலுத்தச் சொல்வதாக எண்ணிக் காசாளரிடம் சென்றவர்கள் பற்றிய கதை எம்மவரிடையே சிரிப்புக்காகச் சொல்லப்படுவது. உறையிடாமல் விட்ட கடைவாய்ப்பல் ஒரு முறுக்கைக் கடிக்கும்போது வேர்வரை பிளந்துபோவது சிரிப்புக்குரியதன்று.

வெளிநாட்டில் சிகிச்சையைத் தொடர்வதாக முடிவுசெய்தால், அது உங்கள் உரிமை. எனினும் எக்ஸ்ரே படங்களினதும் மருத்துவக் குறிப்பினதும் பிரதியைக் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். நோர்வேச் சட்டம் அந்த உரிமையை உங்களுக்கு அளிக்கிறது. திரும்பி வந்தபின் தொல்லை ஏற்பட்டால் யாரிடம் செல்வது என்பதையும் முன்பே சிந்தித்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோ மக்களின் பற்கள் சொல்வது

வலியின்மை குணமாகாது என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஒஸ்லோவில் வாழும் 35 வயதினரின் பற்களை ஆய்வாளர்கள் 1973 முதல் 2003 வரை, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை, எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்துள்ளனர். இந்த 30 ஆண்டுகளில் வேர் நிரப்பப்பட்ட பற்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. பல் நலம் முன்னேறியதன் அடையாளம் அது. ஆனால் வேர் நிரப்பப்பட்ட பற்களுள் கணிசமானவற்றில் வேர்நுனி அழற்சி தொடர்ந்து காணப்பட்டது. கால்வாய் சரியாக நிரப்பப்படாத பற்களிலேயே இது மிகுதி. இத்தகைய அழற்சி பெரும்பாலும் வலியின்றியே இருக்கும். எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் பலர் அதை அறிந்தேயிருக்க மாட்டார்கள்.

வேர்நுனியின் நிலையை எக்ஸ்ரேயில் 1 முதல் 5 வரை மதிப்பிடும் ஒரு முறையும் ஒஸ்லோவிலேயே உருவானது. டாக் ஓர்ஸ்தாவிக் என்னும் ஆய்வாளரும் அவருடைய இரு சகாக்களும் 1986இல் அதனை வெளியிட்டனர். 1 என்பது நலமான எலும்பு; 5 என்பது கடுமையான அழற்சி. இன்று உலகெங்கும் ஆய்வாளர் பயன்படுத்தும் அளவுகோல் இது. அதே ஓர்ஸ்தாவிக் 1996இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படுவது. சிகிச்சையின் பின் எலும்பு ஆறத் தொடங்குவதும், மாறாகப் புதிய அழற்சி தோன்றுவதும் ஏறக்குறைய ஓராண்டு நிறையும் காலத்தில்தான் எக்ஸ்ரேயில் மிகுதியாகத் தென்படுகின்றன என்று அது காட்டிற்று. எனவே ஓராண்டின் பின் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். அப்போதும் முழுமையாக ஆறாதிருந்தால் நான்கு ஆண்டுகள் வரை கண்காணிக்கலாம் என்பது ஐரோப்பிய வைத்தியர்களின் வழிகாட்டல். சிகிச்சை முடிந்த அன்றே 'ஓராண்டுக் கொன்ட்ரோல்' எப்போது என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது. பல வைத்தியசாலைகள் கைத்தொலைபேசிக்கு நினைவூட்டல் அனுப்புகின்றன. இலக்கம் மாறினால் அறிவியுங்கள்.

சரியாகச் செய்து முடிக்கப்பட்ட சிகிச்சையின் பலன் நம்பிக்கை தருவது. சுவீடனின் உமெயோ நகரில் சிகிச்சை பெற்ற பற்களை 8 முதல் 10 ஆண்டுகளின் பின் பரிசோதித்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் வேர்நுனி அழற்சி இல்லாதிருந்த பற்களில் 96 வீதத்துக்கும் அதிகமானவை நலமாயிருந்தன. பற்கூழ் இறந்து அழற்சியும் ஏற்பட்டிருந்தவற்றில் இது 86 வீதம். ஏற்கெனவே நிரப்பப்பட்டு மீண்டும் அழற்சியுற்ற பற்களை இரண்டாம் முறை சிகிச்சை செய்தபோது 62 வீதம். தாமதத்தின் விலையை இம்மூன்று எண்களும் காட்டுகின்றன.

வேர் நிரப்பிய பல் உடல் முழுவதிலும் நோயைப் பரப்பும் என்ற அச்சுறுத்தலும் அவ்வப்போது காதில் விழுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருத்தை நம்பி மூட்டு நோவுக்கும் மனநோய்க்கும்கூடப் பற்களைப் பிடுங்கினார்கள். பின்வந்த ஆய்வுகள் அதனை ஆதரிக்கவில்லை. பல்லைச் சிகிச்சையின்றி விடுவதே ஆபத்தானது.

மருந்துகளும் பிற நோய்களும்

நோர்வேயில் பல்வலிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எளிதில் எழுதித் தரமாட்டார்கள். ஊரில் கேட்டவுடன் கிடைத்த அன்ரிபயோற்றிக்கை இங்கே மறுக்கும்போது சிலர் அலட்சியம் செய்யப்பட்டதாக உணர்கின்றனர். இறந்த பற்கூழுக்குள் குருதியோட்டம் இல்லை. விழுங்கிய மாத்திரை அங்கே சென்று சேராது. ஆகவே கால்வாயைத் திறந்து சுத்தம் செய்வதே மருந்து. வீக்கம் பரவுதல், காய்ச்சல், உடற்சோர்வு ஆகியன இருந்தால் மாத்திரமே மாத்திரை தேவைப்படுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளைச் சுயமாக எடுப்பது நோயை மறைத்துவைக்கும்.

வலிக்கு பரசிட்டமோலும் இபுப்ரோஃபெனும் பொதுவாகப் போதுமானவை. பொதியில் எழுதப்பட்ட அளவை மீறக்கூடாது. சிறுநீரக நோய், வயிற்றுப்புண், குருதி உறையாமைக்கான மருந்து, கர்ப்பம் ஆகியன இருப்பின் இபுப்ரோஃபெனை வைத்தியரிடம் கேளாமல் எடுக்க வேண்டாம். கராம்பு எண்ணெய் சற்று நேரம் இதம் தரும். பல் வைத்தியர் பயன்படுத்தும் சில தற்காலிகப் பசைகளிலும் அதன் சாரம் உண்டு. அஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அழுத்தும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். அது ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்கும்.

நீரிழிவு இருப்பவர்கள் அதைக் கட்டாயம் கூற வேண்டும். 2002இல் ஒஸ்லோவில் குடியேறியவர்களிடையே நடந்த உடல்நல ஆய்வில் இலங்கையிலிருந்து வந்தவர்களிடம் நீரிழிவு நோர்வேஜியரைவிட மிகுதியாகக் காணப்பட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிடின் வேர்நுனி ஆறுவது தாமதமாகும். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்போர், செயற்கை இதய வால்வு உடையோர் ஆகியோரும் மருந்துப் பட்டியலைக் கொண்டுசெல்ல வேண்டும். எலும்புத் தேய்வு மருந்து எடுப்போருக்குப் பல்லைப் பிடுங்குவதைவிட வேர்ச் சிகிச்சையே பெரும்பாலும் பாதுகாப்பானது. கர்ப்பிணிகளுக்கும் இச்சிகிச்சை செய்யலாம்; தொற்றை வைத்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

செலவும் உரிமைகளும்

பல் மருத்துவச் சேவை பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது வரையான பிள்ளைகளுக்குப் பொதுப் பல் மருத்துவச் சேவை இலவசம். வேர்ச் சிகிச்சையும் அதனுள் அடங்கும். அறிவுசார் குறைபாடு உடையோருக்கும், பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோருக்கும், வாரத்தில் ஒரு தடவையேனும் மூன்று மாதங்களுக்கு மேலாக வீட்டுத் தாதியர் சேவை பெறுவோருக்கும் இலவசம். பாட்டிக்கு வீட்டுக்கு வரும் தாதி இருக்கிறார் என்றால் பாட்டிக்கு இலவசப் பல் சிகிச்சையும் உரித்தாகலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறிந்திருப்பதில்லை. 19 வயதிலிருந்து இருபதுகளில் உள்ள இளையோர் பொதுச் சேவையில் 25 வீதம் மட்டுமே செலுத்துகின்றனர். இதற்கான மேல் வயதெல்லை அண்மைய ஆண்டுகளில் உயர்த்தப்பட்டு வந்திருக்கிறது. உங்கள் வயது அதனுள் அடங்குமா என்று வைத்தியசாலையில் கேளுங்கள்.

ஏனைய வளர்ந்தோர் செலவைத் தாமே ஏற்க வேண்டும். வேர்ச் சிகிச்சை என்ற காரணத்துக்காக மட்டும் ஹெல்ஃபோ பணம் வழங்குவதில்லை. ஆனால் விபத்தில் பல் சேதமடைந்திருந்தாலோ, ஹெல்ஃபோ பட்டியலிடும் வேறு மருத்துவ நிலைகளுள் ஒன்று உங்களுக்கு இருந்தாலோ உதவி உண்டு. அதனை மதிப்பிடுவது பல் வைத்தியரின் பொறுப்பு. தனியார் வைத்தியர்கள் கட்டணத்தைத் தாமே தீர்மானிக்கின்றனர். ஆகவே இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு உண்டு. தொடங்குமுன் வேர்ச் சிகிச்சை, நிரந்தர அடைப்பு, பல்லுறை மூன்றுக்கும் சேர்த்து எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். முதலாவதன் விலையை மட்டும் கேட்டுத் தொடங்குவதாலேயே பலரின் சிகிச்சை நடுவழியில் நின்றுபோகிறது. முழுத் தொகை இயலாது என்று தெரிந்தால் பல்லைப் பிடுங்குவது பற்றியும் வைத்தியருடன் வெளிப்படையாகப் பேசலாம். பாதியில் விட்ட சிகிச்சையைவிட அது நேர்மையான தெரிவு.

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை அளிக்கின்றனர். நேரம் அதிகம் எடுக்கும். பொறுமை உடையோருக்கு ஏற்றது. வருமானம் போதாதோர் தமது பிடெலுக்குரிய நாவ் அலுவலகத்தில் சமூக உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிகிச்சைத் திட்டத்தையும் மதிப்பீட்டையும் இணைத்து, சிகிச்சை தொடங்கும் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

சிகிச்சையில் தவறு நேர்ந்து பாதிப்பு ஏற்பட்டதாகக் கருதினால் நோயாளர் இழப்பீட்டு அமைப்பாகிய என்.பி.ஈ.க்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். 2009 முதல் தனியார் வைத்தியர்களின் சிகிச்சையும் இதனுள் அடங்கும். பாதிப்பை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மொழி

உங்களுக்கு விளங்கும் வகையில் தகவல் தரவேண்டியது வைத்தியரின் கடமை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, பொதுச் சேவைகள் தேவைப்படும் இடத்தில் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. தனியார் வைத்தியசாலையானால் நேரம் ஒதுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் பற்றியும் அதற்கான செலவை யார் ஏற்பது என்பது பற்றியும் கேளுங்கள்.

உடனடி உதவி

அலுவல் நேரத்துக்கு வெளியே தாங்க முடியாத பல்வலி வந்தால் ஒஸ்லோவின் 'தன்லேகெவாக்ட்' எனும் அவசரப் பல் வைத்தியசாலையை நாடலாம்; அங்கு கட்டணம் உண்டு. அங்கே செய்யப்படுவது பெரும்பாலும் முதற்படி மாத்திரமே. சிகிச்சையைத் தொடர மறுநாளே உங்கள் வைத்தியரிடம் நேரம் பெற வேண்டும். முகவீக்கத்துடன் காய்ச்சல் இருந்தால் 116117 என்ற இலக்கத்தில் அவசர மருத்துவச் சேவையை அழையுங்கள். வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவும் வீக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் 113ஐ அழைக்க வேண்டும்.